சொர்ணலட்சுமியின் பத்து இஞ்ச் ஸ்பீக்கர்

ஆயிரத்து நூற்று நான்கு. வேடசந்தூருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு நூற்பாலையில் சொர்ணலட்சுமி பார்த்துக்கொள்ளும் மெஷினில் கதிர்கள் இத்தனை. ஒவ்வொரு கதிரும் நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுற்றிப் பஞ்சை நூலாக முறுக்குகிறது. எங்காவது ஓர் இழை அறும். அதைக் கண்ணால் கண்டுபிடித்து, வேகமாகப் போய், விரல் நுனியால் ஒட்டவைக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அவர் செய்யும் வேலை இது. வயது நாற்பத்து நான்கு.

அந்தக் கூடத்தில் இதே மாதிரி மெஷின்கள் வரிசையாக ஓடுகின்றன. பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. உதட்டை அசைத்துப் பேசுகிறார்கள், மிச்சத்தைக் கையால் சொல்கிறார்கள். நெற்றியைத் தொட்டுக் காட்டினால் சூப்பர்வைசர் வருகிறார் என்று அர்த்தம். வயிற்றைத் தட்டினால் சாப்பாட்டு நேரம். யார் வீட்டில் என்ன வெஞ்சனம், யார் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பதெல்லாம் மூன்று மெஷின் தள்ளி நிற்பவருக்கும் சத்தமே இல்லாமல் போய்ச் சேர்ந்துவிடும்.

இந்தச் சொர்ணலட்சுமி ஞாயிற்றுக்கிழமைகளில் எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறார்.

கிட்டார் அவருக்கு மில்லில்தான் கிடைத்தது. ஐந்தாறு வருடத்துக்கு முன் ஆயுதபூஜை அன்று குலுக்கலில் சொர்ணலட்சுமிக்கு ஹாட்பாக்ஸ் விழுந்தது. அதே பிரிவில் வேலை பார்க்கும் பானுப்ரியாவுக்கு வெள்ளை நிறத்தில் ஒரு கிட்டார். பரிசு வாங்கப் போனவர் மொத்தக் கடையில் மலிவாகக் கிடைத்ததை எல்லாம் அள்ளி வந்திருக்க வேண்டும். பானுப்ரியா கம்பிகளை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தார். ஈ பறக்கிற அளவுக்குக்கூடச் சத்தம் வரவில்லை.

"சொர்ணக்கா, எனக்குன்னு பாத்து ஊமைக் கிட்டாரக் குடுத்துட்டாய்ங்கக்கா. ஒங்க ஹாட்பாக்ஸக் குடுங்க, இத வச்சுக்கங்க. சொவத்துல மாட்டிக்கிடலாம்."

எலக்ட்ரிக் கிட்டார் ஸ்பீக்கர் பெட்டியோடு இணைத்தால்தான் பேசும் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. வீட்டுக்குக் கொண்டுபோனதைக் கல்லூரிக்குப் போகும் மகள் தமிழ்மதி பார்த்துவிட்டு, சத்தத்தைக் கூட்டும் சின்னக் கருவி ஒன்றை வாங்கிக் கிட்டாரில் செருகி, அதில் ஹெட்போனை மாட்டிக் கொடுத்தாள். அன்று சொர்ணலட்சுமி ஆறு கம்பிகளையும் ஒன்றாகத் தட்டினார். காதுக்குள் மணி அடித்தாற்போல் ஒரு சத்தம் எழுந்தது. பயந்துபோய் உள்ளங்கையைக் கம்பிமேல் வைத்தார். உடனே நின்றது.

"மில்லுல சத்தத்த நம்ம நிறுத்த முடியாதுல்ல. இதுல கைய வச்சா நின்னுருது. அதுதான் எனக்குப் புடிச்சுப்போச்சு" என்கிறார்.

கணவர் பெருமாள்சாமி முருங்கையும் தக்காளியும் போடுகிறவர். "மத்த பொம்பளைகள்லாம் போனஸ் வந்தா கம்மல் வாங்குவாக. எம் பொண்டாட்டி கம்பி வாங்குறா" என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார். கம்பி வாங்க திண்டுக்கல்லுக்கு வண்டியில் கூட்டிப்போவதும் அவர்தான்.

கற்றுக்கொடுத்தவர் ஜெஸ்ஸி. திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் பாட்டு டீச்சர், சனிக்கிழமைகளில் வீட்டில் வகுப்பு எடுப்பவர். சொர்ணலட்சுமியைவிட ஒன்பது வயது சின்னவர். கீபோர்டு வாசித்துக்கொண்டே பாடும் ஜெஸ்ஸியும், டோலக் வாசிக்கும் கிளாராவும் சேர்ந்து ஒரு சின்னக் குழு வைத்திருந்தார்கள். வளைகாப்பு, தொட்டில் விழா, காதணி விழா என்று பெண்கள் கூடும் வீட்டு நிகழ்ச்சிகளுக்கு மட்டும் போவார்கள். நெஞ்சை அதிரவைக்கும் ஸ்பீக்கர் செட்டு வேண்டாம், வந்தவர்கள் நாலு வார்த்தை பேசவும் முடியவேண்டும் என்று நினைக்கும் குடும்பங்கள் இவர்களைத்தான் கூப்பிடுகின்றன. சென்ற வருடம் ஜெஸ்ஸி, "அக்கா, நீங்களும் எங்களோட வாங்க. ஆனா ஒரு பெட்டி வாங்கணும்" என்றார்.

சொர்ணலட்சுமி விழாக்களில் வாசிக்கப் போகிறார் என்று அன்றைக்கு மில் பஸ்ஸில் எல்லோருக்கும் உதடு வழியாகச் செய்தி போனது.

பெட்டி என்றால் ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே கூட்டுக்குள் இருக்கும் சின்ன வகை. திண்டுக்கல் பேகம்பூரில் ஆசாத் என்ற இளைஞர் ஸ்பீக்கர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். ஊரில் கிழிந்துபோகிற கூம்புகள், கருகிப்போகிற காயில்கள் எல்லாம் அவரிடம்தான் வரும். பிளைவுட்டில் பெட்டி அடித்து அவரே ஆம்ப்பும் செய்து விற்பார். சொர்ணலட்சுமி பானுப்ரியாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆசாத் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். எட்டு இஞ்ச் ஸ்பீக்கர், பத்து இஞ்ச், பன்னிரண்டு இஞ்ச்.

"பெருசாகப் பெருசாக அடிச்சத்தம், அந்தக் கட்டைச் சத்தம் கூடும்க்கா. எட்டு இஞ்சுல அடி இருக்காது, மேல மட்டும் கத்தும். ஆனா தூக்க லேசு."

பன்னிரண்டைக் கேட்டதும் பானுப்ரியா முகத்தைச் சுளித்தார். "சளி புடிச்சவ பாடுற மாதிரி இருக்குக்கா."

பத்தும் பிடிக்கவில்லை. எட்டில் வாசித்துக்கொண்டே சொர்ணலட்சுமி ட்ரெபிள் திருகைத் திருப்பினார். கூர்மையைக் கூட்டும் திருகு அது. பாதி வந்தும் போதவில்லை, முக்கால் வந்தும் போதவில்லை. கடைசிவரை திருகியபோது இரண்டு பேர் முகமும் ஒன்றாக மலர்ந்தது.

"ஆங்! இதுதான். நூல் இழுத்த மாதிரி இருக்கு" என்றார் சொர்ணலட்சுமி.

ஆசாத் சுண்டுவிரலைக் காதுக்குள் விட்டுக் குடைவதுபோல வைத்துக்கொண்டு நின்றார். "அக்கா, செத்த கூர்மையா இல்ல?"

"என்னா தம்பி, கடைக்காரரே வேணாங்கிறீங்க" என்று சிரித்தார் பானுப்ரியா. "ரெண்டு பேரு கேட்டுச் சொல்றோம்ல."

வாங்குகிறவர் ரசனை என்று ஆசாத் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. எட்டு இஞ்ச் பெட்டி மில் பஸ்ஸில், சொர்ணலட்சுமி மடியில் உட்கார்ந்து வீடு வந்தது. மறுவாரம் சாப்பாட்டு நேரத்தில் கேண்டீனில் வாசித்துக் காட்டினார். கூட வேலை பார்க்கும் பெண்கள் அத்தனை பேரும் அருமை என்றார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை.

முதல் நிகழ்ச்சி சின்னாளபட்டியில், ஒரு நெசவுக் குடும்பத்தில் தொட்டில் விழா. ஜெஸ்ஸி அந்தப் பெட்டியின் சத்தத்தை அன்றுதான் முதலில் கேட்கப் போகிறார். முன்கூடத்தில் ஜமக்காளம் விரித்து எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சுங்குடிச் சேலையில் கட்டிய தொட்டில். அடுத்த அறையில் தறி ஓடிக்கொண்டிருந்தது; முடிக்க வேண்டிய சேலை ஒன்று பாக்கி. குழந்தை அந்தத் தடதடப்பில் அசையாமல் தூங்கியது. சொர்ணலட்சுமி பெட்டியைத் தரையில் வைத்து, முகப்பைக் கூட்டத்தைப் பார்த்துத் திருப்பினார். ஸ்பீக்கர் சரியாகத் தொட்டிலின் உயரத்தில் இருந்தது.

ஜெஸ்ஸி பாட ஆரம்பித்தார். கிட்டார் மேல்கம்பிக்குப் போனதும் குழந்தை வீறிட்டது.

பாலுக்கு அழுகிறது என்று தூக்கிக்கொண்டு போனார்கள். வாசிப்பு நின்றது, அழுகையும் நின்றது. திரும்பக் கொண்டுவந்து போட்டார்கள். வாசிப்பு தொடங்கியது, அழுகையும் தொடங்கியது. எறும்பு கடிக்கிறதோ என்று தொட்டிலை உதறினார்கள். அதன்பின் யாரோ திருஷ்டி என்று சொல்ல, உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றினார்கள். சுற்றும்போது மரியாதைக்காகக் குழுவினர் வாசிப்பை நிறுத்தினார்கள். குழந்தை சிரித்தது. "பாத்தியா, எம்புட்டுக் கண்ணு பட்டிருக்கு" என்று ஒருவர் மிளகாயை அடுப்பில் போட ஓடினார். எல்லாம் நல்லபடியாக முடிந்ததென்ற நிம்மதியில் சொர்ணலட்சுமி உற்சாகமாகக் கம்பியைத் தட்டினார். குழந்தை முன்னைவிடப் பலமாக அலறியது.

குழந்தையின் அத்தை எழுந்துவிட்டார். "ஏம்மா, அது கிட்டாரா, பல்லுப் புடுங்குற மிஷினா? எனக்கே மண்டைக்குள்ள கம்பியக் குத்துன மாதிரி இருக்கு, பச்சப்புள்ள என்ன செய்யும்?"

கூட்டம் சிரித்தது. சொர்ணலட்சுமிக்கு என்ன குறை என்று விளங்கவில்லை. அவர் காதுக்கு எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது, கூடத்தின் அந்தக் கோடியில் ஜெஸ்ஸி கிளாராவிடம் குனிந்து ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்தார். இடையில் இரைச்சல், அழுகை, தறிச் சத்தம். அதெல்லாம் சொர்ணலட்சுமிக்கு ஒரு தடையா? ஜெஸ்ஸியின் உதட்டை அப்படியே படித்துவிட்டார்.

"அடுத்ததுக்குச் சொர்ணக்கா வேணாம் கிளாரா. எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

மூன்று பேரும் ஷேர் ஆட்டோவில் திரும்பினார்கள். திண்டுக்கல் வந்து இறங்கியதும் சொர்ணலட்சுமியே கேட்டார்.

"ஜெஸ்ஸி, நான் வேணாம்னு கிளாராகிட்ட சொன்னேல்ல. எதுக்குன்னு மட்டும் சொல்லு."

ஜெஸ்ஸி திகைத்துப்போனார். "நான்... உங்ககிட்ட..."

"ஒன் ஒதடு சொல்லுச்சு. எங்களுக்கெல்லாம் அது காது மாதிரி. சும்மா சொல்லுத்தா, அழமாட்டேன்."

"அக்கா, உங்க கை சுத்தம். தப்பே விழல. ஆனா அந்தச் சத்தம் கூசுதுக்கா. ஊசி மாதிரி இருக்கு. உங்களுக்கு எப்படிக் கேக்காம இருக்குன்னுதான் எனக்குப் புரியல. குழந்தைங்க இருக்கிற எடத்துல இப்படி வாசிச்சா நம்மள யாரும் கூப்பிட மாட்டாங்க."

"சத்தத்தச் சரி பண்ணிட்டா?"

ஜெஸ்ஸி யோசித்தார். அடுத்த நிகழ்ச்சி ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு வளைகாப்பு. அதற்கு முந்தைய சனிக்கிழமை ஒத்திகை. அன்றைக்குச் சரியாக இருந்தால் வரலாம், இல்லாவிட்டால் கீபோர்டை மட்டும் வைத்துச் சமாளித்துக்கொள்வதாகச் சொன்னார். நேராகச் சொன்னதற்கு அவரைச் சொர்ணலட்சுமி இன்றுவரை பாராட்டுகிறார். "நல்லாருக்குன்னு சொல்லிட்டுக் கூப்பிடாம விட்டிருந்தா நான் எங்க போயி தெரிஞ்சுக்கிருவேன்?"

மறுநாளே இரண்டு பெண்களும் பெட்டியோடு பேகம்பூருக்குப் போனார்கள். பானுப்ரியா கோபத்தில் இருந்தார். "அந்தப் புள்ளைக்குத்தான் காதுல ஏதோ கோளாறு. டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க."

ஆசாத் பெட்டியை இணைத்துப் பார்த்தார். பெட்டியில் குறை ஒன்றும் இல்லை. திருகு கடைசியில் நிற்பதைப் பார்த்தார், இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். ஸ்பீக்கர் சோதிக்க அவர் வைத்திருக்கும் ஒரு செயலி அதில் இருந்தது. ஒரே ஒரு விசில், கீழிருந்து மெதுவாக மேலே மேலே போகும்.

"கேக்குற வரைக்கும் கையத் தூக்கி வச்சுக்கங்க."

இரண்டு பெண்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கையைத் தூக்கினார்கள். விசில் உயர்ந்தது. ஓர் இடம் வந்ததும் இரண்டு கைகளும் ஒன்றாகக் கீழே இறங்கின.

"நிறுத்திட்டியா தம்பி?" என்றார் சொர்ணலட்சுமி.

"இல்லக்கா. ஓடுது."

போனில் கோடு ஏறிக்கொண்டே இருந்தது. ஆசாத் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார். வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்து, "பாய், அந்தக் கருமத்த அணைங்க, காது போகுது" என்றார். கடைக்குள் இரண்டு பெண்களுக்கு மட்டும் முழு அமைதி.

பானுப்ரியாதான் முதலில் பேசினார். "அப்ப கோளாறு அந்தப் புள்ளைக்கு இல்ல."

மில் இரைச்சல் வருடக்கணக்கில் காதில் விழுந்தால் முதலில் தேய்வது கீச்சென்ற உச்சச் சத்தங்களைக் கேட்கும் திறன். கீழே உள்ளவை அப்படியே இருக்கும். அதனால் பேச்சு கேட்கும், குக்கர் விசில் கேட்கும், ஒன்றும் குறைந்ததாகத் தெரியாது. கிட்டார் சத்தத்தில் தனக்குக் கேட்காமல் போன பகுதியைத்தான் சொர்ணலட்சுமி திருகைத் திருகித் திருகித் தேடியிருக்கிறார். தேடக் கூட்டிப்போன துணைக்கும் அதே காது. அருமை என்று சொன்ன கேண்டீனுக்கும் அதே காது.

"அன்னைக்கே சொல்லிருக்கணும்க்கா" என்றார் ஆசாத். "ஒங்க ரசனைன்னு நெனச்சுட்டேன். பெட்டிய மாத்தித் தாரேன், எது வேணுமோ எடுத்துக்கங்க."

"நீ சொன்னே தம்பி. நாங்கதான் ஒன்ன வாயடைச்சுட்டோம்."

அன்று சாயங்காலம் சொர்ணலட்சுமி கணவரிடம் ஒன்றைக் கேட்டார். மில்லில் பெண்கள் அடிக்கடி பேசிக்கொள்வது உண்டு: இப்போதெல்லாம் சில்வண்டு கத்துவதே இல்லை, காட்டில் மருந்தடித்து மருந்தடித்து எல்லாம் செத்துவிட்டன என்று. பெருமாள்சாமி மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, சில்வண்டு இருக்கா இப்ப?"

"என்னா கேள்வி இது? இந்தா, முருங்கைக்குள்ள உசிரக் குடுத்துக் கத்துதே. தெனம் இதே ரோதன."

சொர்ணலட்சுமி முருங்கைத் தோட்டத்தைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னார். பெருமாள்சாமி கையிலிருந்த புல்லுக்கட்டைக் கீழே போட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் கட்டைக் குரலில், "க்ரீ... க்ரீ... க்ரீ... இப்படித்தான் கத்துது" என்றார்.

"தவள மாதிரி இருக்கு" என்று சிரித்துவிட்டார் சொர்ணலட்சுமி. அழவேண்டும் என்று நினைத்திருந்தாராம். முடியவில்லை.

இழந்தது இழந்ததுதான். ஆனால் வளைகாப்புக்குப் போகவேண்டும், அதற்குச் சரியான ஸ்பீக்கர் வேண்டும். தன் காதை நம்பி எடுக்க முடியாது. அடுத்தவரைக் கேட்கலாம், கேட்டால் மனம் நோகாமல் நல்லாருக்கு என்பார்கள். ஷிப்ட் முழுக்க மெஷினைச் சுற்றி நடந்துகொண்டே அவர் இதை யோசித்தார். விடை அந்த மெஷினிலேயே இருந்தது. இழை அறுந்தால் அது சத்தம் போட்டுச் சொல்வதில்லை. இவர்தான் பார்த்துக் கண்டுபிடிக்கிறார்.

சனிக்கிழமை ஒத்திகையை ஆசாத் கடையில் வைத்துக்கொள்ளலாம் என்று ஜெஸ்ஸியை வரச்சொன்னார். மூன்று பெட்டிகளையும் வரிசையாக வைத்து, ஜெஸ்ஸியை எதிரில் தரையில் உட்காரவைத்தார்.

"நீ வாயத் தொறக்கக் கூடாது. நல்லாருக்கு, நல்லால்லைன்னு ஒண்ணும் சொல்லாத. மூஞ்சிய மட்டும் எனக்குக் காட்டு."

"இது என்னக்கா, பொண்ணு பாக்குற மாதிரி!"

"அதேதான். தலையக் குனியாத."

முதலில் எட்டு இஞ்ச், ட்ரெபிளைப் பாதிக்குக் குறைத்து. ஜெஸ்ஸி புன்னகைத்தபடியே இருந்தார். ஆனால் மேல்கம்பிக்குப் போகும்போதெல்லாம் இரண்டு புருவத்துக்கும் நடுவில் மெல்லிய கோடு ஒன்று விழுந்து மறைந்தது. சொர்ணலட்சுமி நிறுத்தினார். "இது இல்ல."

"நான் ஒண்ணுமே சொல்லலியே!"

"நெத்தி சொல்லுச்சு."

அடுத்து பன்னிரண்டு. கோடு விழவில்லை. முகம் நன்றாகத் தளர்ந்தது. ஆனால் கீழ்க்கம்பியைத் தட்டியபோது கடையின் இரும்பு ஷட்டர் கூடவே முனகியது, ஜெஸ்ஸி தன்னை அறியாமல் அரை அடி பின்னால் நகர்ந்தார். சின்ன வீட்டுக் கூடத்தில் இது எல்லாவற்றையும் மூடிவிடும். அதோடு அதைத் தூக்கிப் பார்த்த பானுப்ரியா, "இதத் தூக்குறதுக்கு ஒரு மாமன் மச்சான் வேணும்" என்று இறக்கி வைத்தார். நேர் எதிரே உட்கார்ந்திருப்பவருக்குக் கூர்மையாகவும், ஓரத்தில் இருப்பவருக்கு மங்கலாகவும் கேட்கும் வித்தியாசம் பெரிய ஸ்பீக்கரில்தான் அதிகம், டார்ச் வெளிச்சம் மாதிரி என்றார் ஆசாத்.

கடைசியாகப் பத்து. ஒரு பாட்டின் பாதிக்கு வந்தபோது ஜெஸ்ஸியின் கால் கட்டைவிரல் தாளம் போட ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் அவர் தேர்வு நடப்பதையே மறந்து, பேசக்கூடாது என்பதையும் மறந்து, பாடிக்கொண்டிருந்தார். அன்று டீ குடித்துக்கொண்டிருந்தவர் இன்றும் கிளாசோடு வாசலில் நின்றார். இந்தத் தடவை அணைக்கச் சொல்லவில்லை.

சொர்ணலட்சுமிக்கு அந்தப் பத்து இஞ்ச் கொஞ்சம் மந்தமாகத்தான் கேட்டது. இன்றும் அப்படித்தான் கேட்கிறது. அவர் தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, ட்ரெபிள் திருகு அப்போது நின்ற இடத்துக்கு நேராக ஒட்டினார். அதைத் தாண்டித் திருகக் கூடாது என்பதற்கு அடையாளம்.

தரையில் வைத்தால் வாசிப்பவரின் முழங்காலுக்குத்தான் சத்தம் போகும், எதிரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் முகத்தில் அடிக்கும் என்று ஆசாத் சொன்னதால், பெட்டியை உயர்த்தி வைக்க ஏதாவது வேண்டியிருந்தது. பெருமாள்சாமி தக்காளி அனுப்பும் பிளாஸ்டிக் டிரே ஒன்றைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தார். "இதுல பழம் அழுகாம மார்க்கெட்டுக்குப் போகும். ஒன் பாட்டும் போகும்."

வளைகாப்பு வீடு காய்கறி வியாபாரக் குடும்பத்துடையது. டிரேயைக் கவிழ்த்துப் பெட்டியை மேலே வைத்து, முகப்பைக் கூட்டத்துக்கு நேராக வைக்காமல் சற்றுச் சுவர்ப்பக்கம் சாய்த்துவைத்தார். மடியில் பிள்ளை வைத்திருந்த பெண்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று முதலில் பார்த்துக்கொண்டார். வாசிக்கும்போது கம்பியைப் பார்க்கவில்லை. ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நெற்றிகளைப் பார்த்துக்கொண்டே போனார், திரும்ப வந்தார்.

வளையல் போடும் நேரம் வந்தது. ஒவ்வொருவராக வந்து, உட்கார்ந்திருந்த பெண்ணின் இரண்டு கைகளிலும் கண்ணாடி வளையல் அடுக்கினார்கள். அவள் கைகளை உயர்த்திக் குலுக்கினாள். எல்லோரும் சிரித்தார்கள். சொர்ணலட்சுமிக்கு வளையல்கள் அசைவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. மற்றவர்களுக்கு அது கேட்கட்டும் என்று உள்ளங்கையைக் கம்பிகள்மேல் வைத்தார். அவர்கள் முகங்களைப் பார்த்து, சத்தம் அடங்கிவிட்டது என்று தெரிந்தபின் மீண்டும் ஆரம்பித்தார்.

சாப்பாட்டுக்கு இலை போட்டதும் குழு வாசிப்பை நிறுத்துவது வழக்கம். பேச்சுக்கு இடைஞ்சல் என்று வீட்டுக்காரர்களே சொல்லிவிடுவார்கள். அன்று பெண்ணின் அம்மா கரண்டியோடு வந்தார்.

"ஏனுங்க, ஏன் நிறுத்திப்போட்டீங்க? வாசிங்க, வாசிங்க. பேச்சுக்குத் தொந்தரவே இல்லீங்க. இந்தப் பொட்டியிலிருந்துங்களா இம்புட்டு இதமா வருது?"

பந்தி முடியும்வரை வாசித்தார்கள். கூட்டத்தில் இரண்டு குழந்தைகள் தூங்கிவிட்டன. ஜெஸ்ஸி புறப்படும்போது சொர்ணலட்சுமியின் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வேனுக்குப் போனார்.

அதற்குப் பிறகு சொர்ணலட்சுமி திண்டுக்கல் அரசு மருத்துவமனையில் முறையாகக் காதைச் சோதித்துக்கொண்டார். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். மில்லில் கொடுத்த காது அடைப்பானைப் போட்டால் வியர்க்கிறது என்று சாப்பாட்டுப் பையில் போட்டுவைத்திருந்தார். இப்போது ஷிப்ட் முழுக்க அணிகிறார். பேசுவதற்குத்தான் உதடு இருக்கிறதே, அடைத்தால் என்ன நஷ்டம் என்று பானுப்ரியாவையும் அணியவைத்துவிட்டார். அந்த வரிசையில் இன்னும் சில பெண்களும் அணிகிறார்கள். நிர்வாகத்திடம் எழுதிக் கேட்டு பேக்கிங் பிரிவுக்கு மாற்றலும் வாங்கியிருக்கிறார்.

மில்மேல் கோபம் இல்லையா என்று மகள் தமிழ்மதி கேட்டிருக்கிறாள். "இருக்கு. அதே மில்லுலதான் ஒன் படிப்பும் இருக்கு, பானுவும் கெடச்சா, கிட்டாரும் கெடச்சுச்சு. ரெண்டையும் கழிச்சுப் பாக்க எனக்குத் தெரியல" என்றாராம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் அவர் கணக்கில் பலர். வாய்விட்டுச் சொன்ன ஜெஸ்ஸி, பெட்டியை மாற்றித் தந்த ஆசாத், சில்வண்டாகக் கத்திக் காட்டிய பெருமாள்சாமி. பல்லுப் பிடுங்குகிற மிஷினா என்று கேட்ட அத்தையையும் விடவில்லை. போன மாதம் ஒரு சின்னச் சட்டையும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு சின்னாளபட்டிக்குப் போய்வந்தார். கதவைத் திறந்த அத்தைக்கு முதலில் சங்கடமாகப் போய்விட்டது.

"அன்னைக்கு ஏதோ பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க."

"ஐயோ, நீங்க பேசுனது நல்லதாப் போச்சு. நான் ஒங்க புள்ளையப் பாக்க வந்தேன். அதுதான் எனக்கு மொத டாக்டரு."

குழந்தைக்குச் சட்டை சரியாக இருந்தது. இப்போது அது தவழ்கிறது.

பேக்கிங் பிரிவில் அடுத்த மாதம் முதல் தேதி வேலையில் சேர்கிறார். அதற்கு முன் வரும் ஞாயிற்றுக்கிழமை ஆயக்குடியில் ஒரு கொய்யாத் தோட்டக்காரர் வீட்டில் வளைகாப்பு. காலை ஏழு மணிக்கு வேன் வேடசந்தூர் ஆத்துமேட்டுக்கு வந்து அவரை ஏற்றிக்கொள்ளும்.